அடுப்பைப் பார்த்துக்கொள்வது யார்?



இங்கிலாந்தில் வேலை பார்க்கும் நம் பள்ளி மாணவர் ஒருவர், தன் வீட்டு ரேடியேட்டர்களையும் பாய்லரையும் கைப்பேசியிலேயே இயக்கும்படி மாற்றியிருக்கிறார். படம் அனுப்பி, "அறை சூடானதும் தானாகவே அடங்கிவிடுகிறது, எப்படி சார்?" என்று கேட்டிருந்தார். எல்லோருக்கும் பயன்படும் என்பதால் இங்கேயே எழுதுகிறேன்.

குளிர் நாடுகளில் பாய்லர் தண்ணீரைச் சூடாக்கும். அந்த வெந்நீர் அறைக்கு அறை பொருத்திய உலோகப் பலகைகளுக்குள் ஓடும். அந்தப் பலகைதான் ரேடியேட்டர்.

தீ மூட்ட மனிதன் கற்று எத்தனையோ ஆயிரம் ஆண்டுகள் ஆகிவிட்டன. ஆனால் ஆள் காவல் இல்லாமல் தீயை அளவாக எரியவைக்கக் கற்று சுமார் 400 ஆண்டுகள்தான் ஆகின்றன. 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கார்னேலிஸ் டிரெபெல் என்ற டச்சுக்காரர் முட்டை பொரிக்கும் பெட்டி ஒன்று செய்தார. சூடு ஏறினால் பாதரசம் உயர்ந்து, அடுப்புக்குக் காற்றுப் போகும் வழியைத் தகட்டால் மூடும். தீ அடங்கும். சூடு குறைந்தால் வழி திறக்கும்.

அடுத்த பெரிய அடியை எடுத்து வைத்தவர் ஒரு வாத்தியார்! அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில், ஒயிட்வாட்டர் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் பாடம் நடத்திய வாரன் ஜான்சன். அறை சூடாக இருக்கிறதா என்று பார்க்கப் பணியாளர் அடிக்கடி வகுப்புக்குள் வருவார், பாடம் தடைபடும். அதனால் அறையின் சூட்டை அறிந்து, கீழே உலைக்கூடத்தில் மணியடிக்கும் மின்கருவியைச் செய்தார். 1883-ல் காப்புரிமை கிடைத்தது.

1943-ல் டென்மார்க்கின் மேட்ஸ் கிளாசன் ரேடியேட்டரிலேயே பொருத்தும் தானியங்கி வால்வை உருவாக்கினார். அறைச் சூட்டில் உள்ளிருக்கும் பொருள் விரியும், வெந்நீர் வரும் வழி குறுகும். இன்று அந்த இடத்தில் சிறு மோட்டாரும் இணையமும் வந்திருக்கின்றன. தத்துவம் டிரெபெல் காலத்ததுதான்.

இனி நம் கொல்லிமலைக்கு வருவோம். கடல் மட்டத்திலிருந்து 1000 முதல் 1300 மீட்டர் உயரம். மார்கழி, தையில் விடியற்காலைக் குளிர் எலும்பைத் தொடும். இங்கே பாய்லரும் அம்மாதான், தெர்மோஸ்டாட்டும் அம்மாதான். விறகைத் தள்ளுவதும் இழுப்பதும், சாம்பலால் தணலை மூடி வைப்பதும், நடுராத்திரி எழுந்து ஊதுவதும் அவர்கள் வேலை. சோறு, வெந்நீர், வீட்டுக்கு வெதுவெதுப்பு எல்லாம் அந்த ஒரே அடுப்பில். அதற்குக் கொடுத்த விலை புகை. கண்ணும் நெஞ்சும் கெட்டன.

இதற்கும் வழி தேடியவர்கள் உண்டு. ஐதராபாத் பொறியியல் ஆய்வகத்தின் டாக்டர் எஸ்.பி. ராஜு புகைபோக்கி வைத்த மண் அடுப்பை உருவாக்கி, 1953-ல் அதைப் பற்றி ஒரு சிறு நூலும் வெளியிட்டார். 1983-ல் மத்திய அரசு மேம்பட்ட அடுப்புத் திட்டத்தை நாடு முழுக்கத் தொடங்கியது. அடுப்புகள் கணக்குக்குக் கட்டப்பட்டன. பல இடங்களில் புகைபோக்கியில் கரி அடைத்தபோது சுத்தம் செய்ய ஆளில்லை, பழுதுபார்க்கவும் ஆளில்லை. அம்மாக்கள் பழைய அடுப்புக்கே திரும்பினார்கள். 2016-ல் உஜ்வலா கேஸ் வந்தது. அது சோற்றை வேகவைக்கும், வீட்டைச் சூடாக்காது. அதனால் இன்றும் நான் போகும் பல வீடுகளில் கேஸ் ஒரு பக்கம், விறகடுப்பு ஒரு பக்கம்.

நான் இந்த வரலாற்றிலிருந்து எடுத்துக்கொள்வது இதுதான். ஒயிட்வாட்டரில் அடுப்பைப் பார்த்தவர் சம்பள ஆள். அவர் வருவது பாடத்துக்கு இடைஞ்சல் என்றதும் கருவி பிறந்தது. நம் வீட்டில் பார்த்தவர் சம்பளமில்லாத அம்மா. அவர் தூக்கம் கெட்டதை யாரும் இடைஞ்சலாக எண்ணவில்லை.

ஊரில் வீடு கட்டும் பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். முகப்பில் டைல்ஸ் ஒட்டுவதற்கு முன் சமையலறைக்கு நல்ல புகைபோக்கியும் ஜன்னலும் வையுங்கள், வருஷத்துக்கு ஒருமுறையாவது கரியை எடுங்கள். குளிருக்காக மூடிய அறையில் கரித்தணலை வைத்துத் தூங்கவே கூடாது. அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. தூக்கத்திலேயே உயிரை எடுத்துவிடும். வீட்டில் இருக்கும் பெரியவர்களுக்கும் இதைப் படித்துக் காட்டுங்கள்.