கிணற்று இன்ஜினும் படகு இன்ஜினும்

லப்பைக்குடிக்காட்டுக்காரனுக்குப் படகு இன்ஜினைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்பீர்கள். நமக்கும் திட்டக்குடிக்கும் நடுவே கிடக்கிற வெள்ளாற்றில் வருஷத்தில் பாதி நாள் மணல்தான். ஆனால் அதே ஆறு கிழக்கே பரங்கிப்பேட்டையில் கடலில் விழுகிறது. நான் இங்கே கிணற்று மேட்டில் தொழில் பழகி, பிறகு அங்கே போய்ச் சில வருஷம் விசைப்படகு இன்ஜின்களைப் பிரித்துப் பூட்டியவன். இரண்டும் ஒரே வம்சம்.

வம்சத்தின் மூத்தவர் ஹெர்பர்ட் அக்ராய்டு ஸ்டூவர்ட் என்ற இங்கிலாந்துக்காரர். 1890-ல் அவர் காப்புரிமை வாங்கிய இன்ஜினை ஹார்ன்ஸ்பி கம்பெனி செய்து விற்றது. டீசலின் இன்ஜின் 1897-ல்தான் ஒழுங்காக ஓடியது. ஹார்ன்ஸ்பி இன்ஜினைக் கிளப்ப ஊதுவிளக்கால் அதன் தலையைச் சூடேற்ற வேண்டும். சென்னை மாகாணத்தில் ஆல்பிரட் சாட்டர்டன் என்ற பொறியாளர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே, கவலை மாட்டுக்குப் பதில் ஆயில் இன்ஜினை வைத்துக் கிணற்று நீர் இறைக்கலாம் என்று செய்து காட்டினார். பிறகு லிஸ்டர் வந்தது, பெட்டர் வந்தது. 1946-ல் கிர்லோஸ்கர் ஆயில் இன்ஜின் கம்பெனி தொடங்கியது. ராஜ்கோட்டில் லிஸ்டரைப் பார்த்து அப்படியே வார்த்தார்கள். பெட்டர் நம் பக்கத்தில் 'பீட்டர்' ஆகிவிட்டது. டீசல் 'குருடாயில்' ஆனது. நிமிஷத்துக்கு 650 சுற்று சுற்றும் அந்த லிஸ்டரின் டப் டப் சத்தத்தை வைத்தே யார் வயலில் தண்ணீர் பாய்கிறது என்று சொல்லிவிடுவோம். மின்சாரம் வந்ததும் அந்தச் சத்தம் ஒவ்வொன்றாக அடங்கிப்போனது.

கடலில் கதை வேறு. 1952-ல் நார்வேயும் ஐ.நா.வும் இந்தியாவும் ஒப்பந்தம் போட்டு, அடுத்த வருஷம் கொல்லம் பக்கத்து நீண்டகரையில் வேலையைத் தொடங்கினார்கள். முதலில் நம்மவர் வள்ளங்களிலேயே இன்ஜினை வைத்துப் பார்த்தார்கள், சரிப்படவில்லை. அப்புறம்தான் 22 அடி, 25 அடி என்று புதுப் படகுகளே கட்டினார்கள். அதே சமயத்தில் உறைய வைத்த இறால் அமெரிக்காவுக்குப் போகத் தொடங்கியதால் இன்ஜின் படகுக்கு மவுசு ஏறியது. நம் கிழக்குக் கரையின் கட்டுமரத்தில் இன்ஜினை எங்கே வைப்பது? அது கயிற்றால் கட்டிய மரங்கள்தானே, உள்ளே இடமே இல்லை. அலையைத் தாண்டி மணலில் ஏற்ற வேண்டும் வேறு. அதற்கு 1979-ல் தொடங்கிய வங்கக் கடல் திட்டத்தார், கரை வந்ததும் இன்ஜினோடு சேர்த்துத் தூக்கிக்கொள்கிற ஓர் அமைப்பைச் செய்தார்கள். சின்ன லொம்பார்டினி டீசல் இன்ஜின் அதற்குத்தான் பொருந்தியது. பெரிய விசைப்படகுகளுக்கோ லாரியில் ஓடிய லேலண்டு இன்ஜினே கடலுக்கு ஏற்றபடி மாறி வந்தது.

இனி தொழில் விஷயம். பழைய இன்ஜினைச் சரி செய்வதில் பாதி வேலை இரண்டு இடத்திலும் ஒன்றுதான். ஏர் பில்டரைக் கழுவு, குருடாயில் பில்டரை மாற்று, ஏர் லாக் எடு, டேப்பட்டை பீலர் கேஜ் வைத்துப் பார், நாசில் பனி மாதிரி தூவுகிறதா, ஒழுகுகிறதா என்று பார். புகையைப் படிக்கவும் தெரிய வேண்டும். நீலப்புகை என்றால் மசகு எண்ணெய் எரிகிறது. வெள்ளைப்புகை என்றால் டீசல் எரியாமல் போகிறது, அல்லது தண்ணீர் உள்ளே நுழைகிறது. கரும்புகைக்குக் கிணற்று மேட்டில் பெரும்பாலும் காற்றுக் குறைவோ, நாசிலோ காரணமாக இருக்கும். படகில் அப்படிச் சொல்லிவிட முடியாது. புரொப்பல்லர் பெரிதாக இருந்தாலும், அதில் வலை சுற்றியிருந்தாலும், அடிமரத்தில் சிப்பி படர்ந்திருந்தாலும் இன்ஜின் திணறிக் கரும்புகை கக்கும். இன்ஜினில் குற்றமே இருக்காது. இது தெரியாமல் பம்பை மாற்றிக் காசைக் கரைத்தவர்கள் எத்தனையோ பேர்.

கிணற்று நீருக்கும் உப்பு நீருக்கும் உள்ள வித்தியாசத்தை நான் பரங்கிப்பேட்டையில்தான் கண்ணால் பார்த்தேன். கடல் நீரை நேராக உள்ளே விட்டுக் குளிர்விக்கிற இன்ஜினை 55 டிகிரிக்கு மேல் சூடாக விடக்கூடாது. விட்டால் உப்பு உள்ளே கல்லாகப் படிந்து வழியை அடைத்துவிடும். அதற்காகக் குளிர்ச்சி அதிகமாகிவிட்டாலும் எரிபொருள் சரியாக எரியாமல் சிலிண்டர் தேயும். துத்தநாகக் கட்டி ஒன்றை வைப்பார்கள். உப்பு நீர் இரும்பைத் தின்பதற்குப் பதில் அதைத் தின்னும். தின்று தீர்ந்ததா என்று பார்த்து மாற்றுவது ஐந்து நிமிஷ வேலை.

இன்னொன்று ஷாப்ட் நேர் பார்ப்பது. படகு கரையில் இருக்கும்போது எவ்வளவு துல்லியமாக நேர் பார்த்தாலும் பயனில்லை. மரப்படகு தண்ணீரில் இறங்கியதும் கொஞ்சம் வளையும். மிதக்கவிட்டு ஒரு நாள் கழித்து, கப்ளிங்கைப் பிரித்து நாலு பக்கமும் இடைவெளியை அளக்க வேண்டும். கிளாண்டில் பேக்கிங் கயிற்றை இறுக்கிச் சொட்டே விழாமல் செய்வதும் தப்பு. சொட்டுச் சொட்டாக விழுந்தால்தான் ஷாப்ட் சூடாகாது.

2001-லிருந்து கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 தொடங்கி 45 நாள் மீன்பிடித் தடை. 2017-ல் அது 61 நாள் ஆனது. இந்த வேலையெல்லாம் அந்த நாட்களில்தான் குவியும்.

எங்கள் மேஸ்திரி பாய் ஒரு வழக்கம் வைத்திருந்தார். "கை வச்சவன்தான் தம்பி மொத ஓட்டத்துக்கு ஏறணும்" என்பார். வெள்ளாற்று முகத்துவாரத்தில் மணல்மேடு இடம் மாறிக்கொண்டே இருக்கும். அலை உடைகிற அந்த இடத்தில் இன்ஜின் நின்றால் படகு குறுக்கே திரும்பிவிடும். அடுத்த அலை கவிழ்த்துவிடும். அதனால் ஆற்றுக்குள்ளேயே முதலில் அரை மணி நேரம் ஓட்டுவார். வேகத்தைத் திடீரென்று குறைத்து, மறுபடி ஏற்றி, இப்படிப் பத்துத் தடவை. ஒரு தடவை நின்றாலும் படகு திரும்பிக் கரைக்கு வந்துவிடும். படகுக்காரர் முறைப்பார், ஒரு நாள் தொழில் போச்சு என்பார். பாய் பதில் பேசாமல் பில்டரைக் கழற்ற உட்கார்ந்துவிடுவார்.