சைலன்சர் பராமரிப்பு: வில்லியனூர், பாகூர் ஊர்ப்புறங்களில்

சைலன்சர் என்பது இன்ஜினில் எரிந்த வாயுக்களை வெளியேற்றி, அவற்றின் இரைச்சலை அடக்கும் குழாய் அமைப்பு. இருசக்கர வாகனத்தில் சிலிண்டர் ஹெட்டிலிருந்து இறங்கும் பெண்ட் பைப்பும், பின்னால் நீளும் உருளையும் இதன் முக்கிய உறுப்புகள். 2020 ஏப்ரல் 1 முதல் விற்பனையாகும் பிஎஸ்-6 வண்டிகளில் நச்சைக் குறைக்கும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டரும் ஆக்சிஜன் சென்சாரும் இதனுடன் சேர்ந்தவை.

புதுச்சேரியின் வில்லியனூர், பாகூர் கொம்யூன்களில் சைலன்சரைச் சூட்டைவிட அதிகமாகக் கெடுப்பது நீர்தான். ஒரு லிட்டர் பெட்ரோல் எரியும்போது ஏறக்குறைய ஒரு லிட்டர் நீர் ஆவியாக உருவாகிறது. நெடுந்தூரம் ஓடினால் அது சூட்டோடு வெளியேறிவிடும். சொசைட்டிக்குப் பால் ஊற்றவும், வயலுக்கும், கடைத்தெருவுக்குமாக ஒன்றிரண்டு கிலோமீட்டர் மட்டும் ஓடும் வண்டியில் குழாய் சூடேறுமுன் இன்ஜின் நின்றுவிடுகிறது. ஆவி உள்ளேயே குளிர்ந்து தேங்குவதால், வெளியே பளபளப்பாக இருக்கும் உருளையும் உள்ளிருந்து துருப்பிடிக்கும். வாரம் ஒருமுறையாவது கடலூர் சாலையிலோ விழுப்புரம் சாலையிலோ அரை மணி நேரம் நிற்காமல் ஓட்டுவது நல்லது. உருளையின் அடியிலுள்ள சிறு வடிதுளை சேற்றால் அடைபடாமல் பார்த்துக்கொள்வது அதைவிட முக்கியம். பாகூர் கொம்யூனின் கடலோர ஊர்களான நரம்பை, பனித்திட்டு பகுதிகளில் உப்புக்காற்று வெளிப்புறத்தையும் அரிக்கும். அங்கே நல்ல தண்ணீரில் கழுவித் துடைப்பதைத் தள்ளிப்போடக் கூடாது. ஆனால் சூடு ஆறிய பிறகே கழுவ வேண்டும்.

2024 நவம்பர் 30 அன்று புதுச்சேரி அருகே கரைகடந்த ஃபெஞ்சல் புயலுக்குப் பின், சாத்தனூர் அணையிலிருந்து திறந்துவிட்ட நீரால் தென்பெண்ணை பெருகி, பாகூர்ப் பகுதி ஊர்களுக்குள் வெள்ளம் புகுந்தது. அப்படி மூழ்கிய வண்டியை உடனே ஸ்டார்ட் செய்வது பெருந்தவறு. சைலன்சர் வழியே ஏறிய நீர், வால்வு திறந்திருந்தால் சிலிண்டரை எட்டியிருக்கும். நீர் அமுங்காது என்பதால் பிஸ்டன் மோதி கனெக்டிங் ராடு வளைந்துவிடும். முதலில் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, கிக்கரை மெல்ல மிதித்து நீரை வெளியே தள்ள வேண்டும். சைலன்சரையும் கழற்றிச் சாய்த்து வடிக்க வேண்டும். ஆயில் பால் கலந்ததுபோல் வெளுத்திருந்தால் அதையும் மாற்றியாக வேண்டும்.

ஹெட்டருகே 'பட்பட்' என்று சத்தம் கேட்டால் பெரும்பாலும் கேஸ்கட் போயிருக்கும், அல்லது நட்டு தளர்ந்திருக்கும். குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்த கையோடு இணைப்பில் சோப்புநீர் தடவினால், கசிவுள்ள இடத்தில் குமிழி வரும். பிஎஸ்-6 வண்டியில் சென்சாருக்கு முன்னால் கசிந்தால் உள்ளே புகும் வெளிக்காற்று சென்சாரை ஏமாற்றும். தேவைக்கு மேல் பெட்ரோல் போய் மைலேஜ் குறையும். கழற்றும் ஒவ்வொரு முறையும் புதுக் கேஸ்கட் போடுவதே முறை. துருவேறிய ஸ்டட்டை முரட்டுத்தனமாகத் திருகினால் அது ஹெட்டுக்குள்ளேயே முறியும்.

ஓட்டைக்கு வெல்டிங் வைக்குமுன் உருளையைத் தட்டிப் பார்க்க வேண்டும். உள்ளே துருச் செதில்கள் கலகலத்தால் ஒட்டுப் போட்டுப் பயனில்லை. சைலன்சரைக் கழற்றித் தனியே வெல்டிங் செய்வதே பாதுகாப்பு. வண்டியிலேயே ஆர்க் வெல்டிங் செய்தால் மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டி பழுதாகலாம்.

பழைய டிவிஎஸ் 50, எக்ஸ்எல் சூப்பர் போன்ற டூ-ஸ்ட்ரோக் வண்டிகளின் நோய் வேறு. பெட்ரோலோடு ஆயிலும் எரிவதால் கரி படிந்து குழாய் அடைபடும். பிக்கப் குறைந்து, மேட்டில் இழுக்காது. உள்ளே செருகியிருக்கும் துளைக்குழாயைக் கழற்றிக் கரியைச் சுரண்டினால் இழுவை திரும்பும். அளவுக்கு மேல் ஆயில் கலப்பதை நிறுத்தாவிட்டால் மீண்டும் அடைக்கும்.

புகையின் நிறமும் உதவும். காலையில் சிறிது நேரம் வரும் வெள்ளைப்புகை வெறும் நீராவி. கரும்புகை மிகுந்தால் ஏர் ஃபில்டரை முதலில் பார்க்கலாம். ஃபோர்-ஸ்ட்ரோக் வண்டியில் நீலப்புகை வந்தால் பிஸ்டன் ரிங்கோ வால்வு சீலோ தேய்ந்து ஆயில் எரிகிறது. சைலன்சரை மாற்றி அது தீராது.

சத்தத்துக்காக உள்தடுப்புகளை நீக்குவது மோட்டார் வாகனச் சட்டப்படி குற்றம். மாசுக் கட்டுப்பாட்டுச் சான்றிதழைப் பழைய வண்டிகளுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறையும், பிஎஸ்-4, பிஎஸ்-6 வண்டிகளுக்கு ஆண்டுக்கு ஒருமுறையும் புதுப்பிக்க வேண்டும். கசிவுள்ள வண்டியை மூடிய கொட்டகைக்குள் ஓடவிடுவது உயிருக்கே ஆபத்து: கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் நிறமும் கிடையாது. அறுவடைக் காலத்தில் டிராக்டரையோ பைக்கையோ வைக்கோல்மேல் நிறுத்தினால் சூடான குழாய் பட்டுத் தீப்பற்றும். வெறுந்தரையில் நிறுத்தி ஆறவிட வேண்டும்.