கன்னியாகுமரி கிராம்பு

கன்னியாகுமரி கிராம்பு என்பது தமிழ்நாட்டின் கன்னியாகுமரி மாவட்டத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையின் மாறாமலை, கரும்பாறை, வெள்ளிமலை முதலிய பகுதிகளில் விளையும் நறுமணப் பொருள் ஆகும். இதற்கு 2021 ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு வழங்கப்பட்டது. கிராம்பு எண்ணெயின் முதன்மைக் கூறான யூஜெனோல், ஆற்றல் மிக்க ஆக்சிசனேற்ற எதிர்ப்பி ஆகும். இது எந்த அளவுக்கு நிலைத்திருக்கும் என்பது உலர்த்தும் முறையையும் சேமிக்கும் முறையையும் பொறுத்தது.

உலர்த்துதல்

மலராத மொட்டுகள் இளஞ்சிவப்பு நிறம் பெறத் தொடங்கும்போது கொய்யப்பட்டு, காம்பு நீக்கப்பட்டு, நான்கைந்து நாட்கள் வெயிலில் உலர்த்தப்படுகின்றன. உலர்ந்தபின் எடை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகக் குறையும். மழையால் உலர்த்துதல் தாமதமானால் மொட்டுகள் புளித்து, வெளிறிச் சுருங்கி, விலை இழக்கின்றன.

சேமிப்பு

யூஜெனோல் ஆவியாகும் தன்மையுடையது. காற்றும் ஒளியும் பட்டால் ஆக்சிசனேற்றம் அடையும். பொடித்த கிராம்பில் காற்றுப்படும் பரப்பு மிகுவதால் இழப்பு விரைவாக நிகழ்கிறது. எனவே முழுக் கிராம்பைக் காற்றுப் புகாத கலத்தில், ஒளி படாத குளிர்ந்த இடத்தில் வைத்து, தேவைப்படும்போது மட்டும் பொடிப்பது நன்று.

தரம் அறிதல்

எண்ணெய் வடித்தெடுக்கப்பட்ட கிராம்பு கலப்படமாக விற்கப்படுவதுண்டு. நல்ல கிராம்பு நீரில் மூழ்கும். எண்ணெய் நீங்கியது மிதக்கும்.