வானூர்தி லிடாரும் நீராவி அளவீடும்: பிந்தி முதிர்ந்த ஒரு கருவியின் வரலாறு

வளிமண்டல நீராவியை லேசர் ஒளியால் அளக்கும் முறையின் வரலாற்றைப் பெரும்பாலும் 1966ஆம் ஆண்டிலிருந்து தொடங்குவர். நியூயார்க் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரிச்சர்டு ஷாட்லண்ட், ரூபி லேசரின் வெப்பநிலையை மாற்றி, 694 நானோமீட்டரை அடுத்துள்ள நீராவியின் உட்கவர் வரியொன்றோடு அதன் அலைநீளத்தைப் பொருத்தி அளந்த முடிவுகள் அவ்வாண்டில் வெளிவந்தன. மைமன் முதல் லேசரை இயக்கி ஆறு ஆண்டுகளே கழிந்திருந்தன. ஆயினும், வானூர்தியிலிருந்து நம்பத்தகுந்த தரவுகளைத் தொடர்ந்து தரும் கருவியாக இம்முறை நிலைபெற 1990களின் நடுப்பகுதி ஆயிற்று. கருத்து முந்திப் பிறந்தும் கருவி ஏன் பிந்தியது என்பதே இக்கட்டுரையின் வினா.

முறை எளிது. நீராவி வலுவாக உட்கவரும் அலைநீளத்தில் ஒரு துடிப்பும், அதற்கு மிக அருகில் உட்கவராத அலைநீளத்தில் மற்றொரு துடிப்பும் அனுப்பப்படுகின்றன. இரண்டும் காற்றாலும் தூசியாலும் ஏறத்தாழ ஒரே அளவில் சிதறித் திரும்புகின்றன. இரு குறிகைகளின் விகிதம் தொலைவோடு மாறும் வேகமே நீராவியின் அடர்த்தியைத் தருகிறது. கருவியின் மாறிலிகள் விகிதத்தில் நீங்கிவிடுவதால் வானிலை பலூனோடு ஒப்பிட்டுத் திருத்தவேண்டிய தேவையில்லை. இராமன் லிடாருக்கு இல்லாத வசதி இது.

ஆனால் இவ்வெளிமைக்கு ஒரு விலை உண்டு. வரியின் மீது விழவேண்டிய ஒளியில் சிறு பங்கு வரிக்கு வெளியே கசிந்தாலும், அப்பங்கு உட்கவரப்படாமல் திரும்பி வந்து, உள்ளதைவிடக் காற்றை வறண்டதாகக் காட்டும். ஆழம் கூடக்கூடப் பிழையும் பெருகும். ஆகவே லேசரின் ஆற்றலைக் காட்டிலும் அதன் நிறமாலைத் தூய்மையே முதன்மைச் சிக்கலாயிற்று. ஆற்றல் வளர்ச்சியையே வரலாறாக எழுதும் வழக்கம் இதனைக் காணத் தவறுகிறது.

1980களின் தொடக்கத்தில் நாசாவின் லாங்லி ஆய்வு மையத்தில் எட்வர்டு பிரவெல் குழுவினர் சாய லேசர்களை வானூர்தியில் ஏற்றினர். இது வெறும் இடமாற்றமன்று. தரையிலிருந்து மேல்நோக்கும் ஒளி, செறிந்த ஈரத்தில் தொடக்கத்திலேயே வலுவிழக்கிறது. மேலிருந்து கீழ்நோக்கும் ஒளியோ முதலில் வறண்ட காற்றைக் கடக்கிறது. தொலைவால் குறிகை தளரும்போது காற்றின் அடர்த்தி கூடிச் சிதறலை வலுப்படுத்துகிறது. வானூர்தியின் திசை இயற்பியலின் திசையோடு ஒத்துப்போயிற்று.

தூய்மைச் சிக்கல் தீர்ந்தது வேறொரு வழியில். டைட்டானியம்-சஃபையர் லேசருக்குள், நீராவி வரியோடு பிணைத்து நிலைநிறுத்தப்பட்ட சிறு டையோடு லேசரின் ஒளியை வித்தாகச் செலுத்தினர். அவ்வகையில் உருவான 'லேஸ்' கருவி 815 நானோமீட்டர்ப் பகுதியில் இயங்கியது. ஒரே விமானி ஓட்டும் ஈஆர்-2 வானூர்தியில் ஆள் துணையின்றித் தானே இயங்க வேண்டும் என்பதே அதன் வடிவமைப்பின் நிபந்தனை. 1995 செப்டம்பரில் வாலப்ஸ் தீவில் சரிபார்க்கப்பட்டபோது அதன் துல்லியம் 6 விழுக்காடு அல்லது கிலோகிராமுக்கு 0.01 கிராம், இவற்றுள் பெரியது என மதிப்பிடப்பட்டது. 1998இல் டிசி-8 வானூர்தியிலிருந்து அட்லாண்டிக் புயல்களைச் சுற்றி அது திரட்டிய தரவுகளைச் சென்னையில் பிறந்த தி. ந. கிருஷ்ணமூர்த்தியின் புளோரிடா குழுவினர் கணிப்பு மாதிரிகளில் சேர்த்தனர். புயல்பாதைக் கணிப்பு மேம்பட்டது. ஈரப்பத அளவீட்டின் பிழை கரையோர மக்களின் கவலையும்கூட என்பதற்கு இது சான்று.

ஜெர்மன் வான்வெளி மையத்தின் 'வேல்ஸ்' கருவி 935 நானோமீட்டர்ப் பகுதிக்குச் சென்றது. அங்கே வரிகள் மேலும் வலியவை. வலிமை வேறுபட்ட மூன்று வரிகளையும் உட்கவராத ஓர் அலைநீளத்தையும் ஒருசேரப் பயன்படுத்துவதால், வறண்ட மேலடுக்கு முதல் ஈரமான தரைப்பகுதி வரை ஒரே பறப்பில் அளக்க இயன்றது. இக்கருவி செயற்கைக்கோள் திட்டமொன்றின் முன்மாதிரி. 2004இல் ஐரோப்பிய விண்வெளி நிறுவனம் அத்திட்டத்தை விடுத்து எர்த்கேர் திட்டத்தைத் தேர்ந்தது.

முன்மாதிரியே பின்னர் முதற்கருவியாயிற்று. 2020 தொடக்கத்தில் பார்படோசுக்குக் கிழக்கே வணிகக்காற்று மேகங்களை ஆராய்ந்தபோது, ஹேலோ வானூர்தி பெருவட்டங்களில் பறந்தவாறு அளவிகளைக் கடல்நோக்கி உதிர்த்தது. அவை விழுந்த புள்ளிகளுக்கு இடைப்பட்ட காற்றின் ஈரத்தை வேல்ஸ் கருவியின் ஒளி அளந்து சென்றது.