முந்தலில் இருந்து மெய்யியலுக்கு எவ்வளவு தூரம்?

ஏலெவல் கலைப்பிரிவில் “அளவையியலும் விஞ்ஞான முறையும்” எடுக்கப்போறேன் எண்டு சொல்லிப் பாருங்க. “அதப் படிச்சு என்ன செய்யப்போறா?” எண்டுதான் முதலில் கேப்பாங்க. முந்தலிலும் அதே கேள்விதான், கொழும்பிலும் அதேதான். வேலை பற்றிய அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கு. ஆனா அதுக்குள்ள இன்னொரு நினைப்பும் ஒளிஞ்சிருக்கு: மெய்யியல் நம்மட சரக்கில்லை, அது எங்கயோ மேல இருக்கிறவங்கட பாடம். இந்த நினைப்புக்கு ஒரு வரலாறு உண்டு.

‘அளவை’ என்பது நேற்று மொழிபெயர்த்த சொல் இல்லை. மணிமேகலையின் 27ஆவது காதையில், வஞ்சி நகரில் பல சமயத்தாரிடமும் போய் அவரவர் கொள்கையைக் கேட்கிறாள் ஓர் இளம் பெண். அளவைவாதி முதல் உலகாயதன் வரை எல்லாரும் பேசுகிறார்கள். 29ஆவது காதையில் அறவண அடிகள் அவளுக்குப் பௌத்த அளவையியலே சொல்லிக்கொடுக்கிறார். பிறகு வந்த சிவஞான சித்தியாரும் அளவையில் இருந்துதான் தொடங்குகிறது. எதை அறிந்தோம் என்பதற்கு முன் எப்படி அறிந்தோம் என்று கேட்கிற பழக்கம் தமிழில் இருந்திருக்கு.

பல்கலைக்கழகம் வந்தபோது மொழி மாறியது. கொழும்பில் 1921இல் தொடங்கிய பல்கலைக்கழகக் கல்லூரி லண்டன் பரீட்சைக்கு ஆள் தயாரித்தது. 1942இல் இலங்கைப் பல்கலைக்கழகம் பிறந்த பிறகும் பாடமொழி ஆங்கிலமே. பேராதனையில் மெய்யியல் கற்பித்த கே. என். ஜயதிலக்க, கேம்பிரிட்ஜில் விட்கன்ஸ்டைனின் வகுப்புகளில் இருந்தவர். ஆதிப் பௌத்தத்தின் அறிவுக் கொள்கை பற்றி அவர் 1963இல் வெளியிட்ட நூல் இன்றும் பேசப்படுகிறது. அதுவும் ஆங்கிலத்தில்தான்.

நம்ம கரையோரக் கதையும் வேறில்லை. கற்பிட்டியில் 1807இல் பிறந்த சைமன் காசிச்செட்டி, தமிழ்ப் புலவர்களின் வரலாற்றை ‘தமிழ் புளூராக்’ என்று 1859இல் எழுதினார். தமிழைப் பற்றிய நூல்தான், ஆனா ஆங்கிலத்தில்.

1960களில் கலைப் பாடங்கள் சிங்களத்திலும் தமிழிலும் நடக்கத் தொடங்கின. ஆங்கிலம் இல்லாத ஊர்ப் பிள்ளைகளுக்குக் கதவு திறந்தது. 1974இல் க. கைலாசபதியின் தலைமையில் யாழ்ப்பாண வளாகமும் வந்தது. அறிவாராய்ச்சியியல், ஒழுக்கவியல் போன்ற சொற்கள் வகுப்புக்குப் பழகின. தமிழ்நாட்டில் ‘தத்துவம்’ என்பதை நாம ‘மெய்யியல்’ எண்டு சொல்லிப் பழகினம். ஆனா கதவு திறந்த அளவுக்கு அலுமாரி நிறையவில்லை. மூல நூல்கள் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே இருந்தன. தமிழில் படித்தவருக்குக் குறிப்புக் கொப்பியே புத்தகமானது. மனப்பாடம் செய்த மெய்யியல் மெய்யியல் ஆகாதே!

சொல்லைத் தமிழாக்கினால் மட்டும் போதாது, வாதமும் தமிழில் நடக்கணும். புகையைக் கண்டு நெருப்பை ஊகிக்கிற பழைய உதாரணத்தை உடப்புக் கரைக்குக் கொண்டுவாங்க. “காகம் கூடியிருக்கு, ஆகவே கரைவலை இழுக்கிறாங்க.” சரியா? குப்பை கொட்டினாலும் காகம் கூடும். அப்ப காகத்துக்கும் வலைக்கும் உள்ள தொடர்பு தவறாததில்லை. முடிவு உண்மையாக இருக்கலாம், ஆனா காட்டிய காரணம் அதைத் தாங்காது. இதைக் கண்டுபிடிக்கிற பிள்ளை அனுமானத்தின் கஷ்டமான இடத்தைத் தொட்டுட்டா.

இந்தப் பயிற்சி பரீட்சையோடு முடியாது. களப்பை அண்டி ஓர் இறால் பண்ணை வருது, ஊருக்கு நல்லது எண்டு ஒருவர் சொன்னால், “எந்த அளவையால் சொல்றீங்க?” எண்டு கேட்கத் தெரியணும். அதுக்கு ஆங்கிலமும் படிப்பம், அங்க இருக்கிற நூல்கள் நமக்கு வேணும். ஆனா கேள்வியைத் தமிழிலேயே கேப்பம். மணிமேகலை கேட்டது அப்படித்தானே?