வெயில் நாளில் செய்த துவக்கு

பழைய இராணுவத் துவக்கு ஒன்றின் வயசைத் தேடினால் நாங்கள் முதலில் குழலைத்தான் பார்ப்போம். அமெரிக்காவின் 1903 ஸ்பிரிங்ஃபீல்ட் றைபிளில் குழல்முனைக்குக் கிட்ட மாதமும் ஆண்டும் அடித்திருக்கும். ஆனால் அதை நம்பேலாது. தேய்ந்த குழலை மாத்தியிருப்பார்கள். குழலுக்குப் பின்னால் இருந்து வெடிப்பைத் தாங்குகிற உருக்குக் கூடு, அதுதான் றிசீவர், பழசாகவே இருக்கும். அதிலுள்ள தொடரிலக்கத்தைத்தான் பார்க்க வேணும்.

ஏனெண்டால் 1917இல் இந்த றைபிள்கள் சில சுடும்போதே வெடித்துச் சிதறின. பிழை உலையடியில். உருக்கு போதுமான அளவு காய்ந்துவிட்டதா எண்டதைத் தொழிலாளர்கள் நிறத்தைக் கண்ணால பாத்தே முடிவெடுத்தார்கள். நல்ல வெயிலில் அந்தச் சிவப்பு மங்கித் தெரியும், இன்னும் காய்ச்சினார்கள். வெப்பமானி வைத்துப் பார்த்தால் சூடு 300 பாகை பரனைட் வரை கூட! அப்படிக் காய்ந்த உருக்கு நொறுங்கும். தொழிலாளியின் கண்ணைக் குறை சொல்லுவது லேசு. வெப்பமானி அந்தக் காலத்திலேயே இருந்தது, ஆலைதான் வைக்கவில்லை.

1918இல் முறையை மாத்தினார்கள். ஸ்பிரிங்ஃபீல்ட் ஆலையின் 800,000க்குக் குறைந்த இலக்கங்களும், றொக் ஐலண்ட் ஆலையின் 285,507க்குக் குறைந்தவையும் சந்தேகத்துக்குரியவை. எல்லாமே பழுதில்லை. எது பழுது எண்டு வெளியால பார்த்துச் சொல்லேலாது, ஆகவே ஒன்றையும் சுடக்கூடாது.

இராணுவமோ திருத்த வந்தவற்றை மட்டும் ஒதுக்கியது. மிச்சம் சிப்பாய்களின் தோளிலேயே கிடந்தன.