அரங்குகள் கைகோத்த கதை: டார்ட்டிங்டனில் இருந்து பெசன்ட் நகர் வரை

பி.காம். படிக்கிறவனுக்கு நடனத்தைப் பற்றி எழுத என்ன வேலை என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். போன முறை சரக்கு மற்றும் சேவை வரி, அதற்கு முந்தைய முறை சோழர் கால ஏரிகள் என்று கலந்து கட்டி எழுதுபவன்தானே நான்! இந்த முறை நடனம். ஆனால் இதிலும் ஒரு கணக்கு இருக்கிறது. பொறுமையாகப் படியுங்கள்.

எல்லாம் ஒரு பெயர்ப்பலகையில் ஆரம்பித்தது. நுங்கம்பாக்கம் கல்லூரிச் சாலையில் அலியான்ஸ் பிரான்சேஸ் இருக்கிறது. அங்கே ஒரு சமகால நடன நிகழ்ச்சிக்கு நண்பன் என்னை இழுத்துக்கொண்டு போனான். உள்ளே நுழையும்போது அரங்கின் பெயரைப் பார்த்தேன். எதுவார் மிஷ்லேன் அரங்கம். எங்கேயோ பார்த்த பெயர் போல இருக்கிறதே என்று இரண்டு நிமிடம் யோசித்த பிறகுதான் உறைத்தது. எங்கள் ஊர் தேர்வாய் கண்டிகை சிப்காட்டில் உள்ள டயர் தொழிற்சாலையின் பெயர்! நாங்கள் 'மிச்செலின்' என்போம். எழுத்து ஒன்றுதான்.

வெளிநாட்டுக் கம்பெனியோடு கூட்டு என்றால் எங்கள் ஊரில் முதலில் வரும் கேள்வி, "நமக்கு என்ன மிஞ்சும்?" என்பதுதான். சிப்காட் வருவதற்கு முன் அது மேய்ச்சல் நிலம். அதற்காக ஊர்க்காரர்கள் போராடியதும் உண்டு. அதைத் தனியாகத்தான் எழுத வேண்டும். ஆனால் அந்தக் கேள்வி மட்டும் அன்று இரவு முழுக்க என்னை விடவில்லை. ஜெர்மனிக்காரர்களும் பிரெஞ்சுக்காரர்களும் நம் ஊர் நடனக் கலைஞர்களோடு இத்தனை ஆண்டுகளாகக் கைகோத்து வருகிறார்களே, அதில் நமக்கு என்ன மிஞ்சியது? அதைத் தேடிப் படித்ததன் விளைவே இந்தக் கட்டுரை.

ஒரு வீடு, இரண்டு விருந்தாளிகள்

இங்கிலாந்தில் டெவன் என்ற மாவட்டத்தில் டார்ட்டிங்டன் ஹால் என்று ஒரு பழைய மாளிகை. 1920களில் அதை வாங்கியவர்கள் லியனார்ட் எல்ம்ஹர்ஸ்ட், டாரதி தம்பதி. லியனார்ட் அதற்கு முன் தாகூரோடு சேர்ந்து வங்காளத்தில் ஸ்ரீநிகேதன் கிராம மறுமலர்ச்சிப் பணியில் இருந்தவர். அந்த அனுபவத்தோடு போய், விவசாயமும் பள்ளிக்கூடமும் கலையும் ஒரே வளாகத்தில் நடக்கும் இடமாக டார்ட்டிங்டனை மாற்றினார்.

1930களில் அந்த வீட்டுக்கு வந்தவர்களில் இரண்டு பேர் நமக்கு முக்கியம். ஒருவர் குர்ட் யூஸ், ஜெர்மானிய நடன அமைப்பாளர். தன் குழுவில் இருந்த யூதக் கலைஞர்களை நீக்க மறுத்ததால் 1933-ல் நாஜி ஜெர்மனியை விட்டு வெளியேற வேண்டி வந்தது. டார்ட்டிங்டன் அவருக்கும் அவர் பள்ளிக்கும் இடம் கொடுத்தது. இன்னொருவர் நம் உதய் சங்கர். 1923-ல் லண்டனில் ரஷ்ய நடன மேதை அன்னா பாவ்லோவாவோடு ஆடிப் பெயர் பெற்றவர். இந்தியாவில் ஒரு நடன மையம் வேண்டும் என்ற அவருடைய கனவுக்கு எல்ம்ஹர்ஸ்ட் குடும்பம் பண உதவி செய்தது. இமயமலை அடிவாரத்தில் அல்மோராவில் 1930களின் கடைசியில் அந்த மையம் உருவானது.

அல்மோராவுக்குப் பாடம் சொல்லப் போனவர்களில் நம் ஊர்க்காரரும் உண்டு. பாலசரஸ்வதியின் குரு கந்தப்பா பிள்ளை அங்கே பரதநாட்டியம் கற்பித்தார். கதகளிக்கு சங்கரன் நம்பூதிரி, இசைக்கு உஸ்தாத் அலாவுதீன் கான். மாணவர்களில் பிற்காலத் திரைப்பட இயக்குநர் குரு தத் ஒருவர்.

ஆனால் உலகப் போர் வந்தது, பணம் வறண்டது, சில ஆண்டுகளிலேயே மையத்தை மூட வேண்டியதாயிற்று. அந்த நடனத்தை உதய் சங்கர் 'கல்பனா' என்ற படமாக எடுத்தார். எங்கே தெரியுமா? சென்னை ஜெமினி ஸ்டூடியோவில்! 1948-ல் வெளியானது. அதே ஆண்டுதான் ஜெமினியின் 'சந்திரலேகா'வும் வந்தது. அடுத்து வரப்போகிறவர் பெயரும் சந்திரலேகாதான். இது சும்மா ஒரு தற்செயல்.

பம்பாயில் ஒரு சந்திப்பு, 1984

நடன அமைப்பாளர் சந்திரலேகா 1928-ல் பிறந்த குஜராத்திக் குடும்பத்துப் பெண். எல்லப்பா பிள்ளையிடம் பரதம் கற்கச் சென்னைக்கு வந்தவர், கடைசி வரை சென்னைக்காரராகவே இருந்தார். நன்றாக ஆடிக்கொண்டிருந்தவர் ஒரு கட்டத்தில் மேடையை விட்டு விலகினார். எழுத்து, ஓவியம், சுவரொட்டி, பெண்கள் இயக்கம் என்று பல ஆண்டுகள் ஓடின.

அவரை மீண்டும் நடனத்துக்குக் கொண்டுவந்தது இரண்டு அரங்குகளின் கூட்டு. 1984 ஜனவரியில் பம்பாயில் கிழக்கு மேற்கு நடனச் சந்திப்பு என்ற நிகழ்ச்சி நடந்தது. ஜெர்மானியக் கலாசார மையமான மாக்ஸ் முல்லர் பவனின் கேயார்க் லெக்னர் அதற்கு ஏற்பாடு செய்தார். இடம், பம்பாயின் தேசிய நிகழ்கலை மையம். சும்மா வந்து ஆடிவிட்டுப் போகிற விழா இல்லை அது. ஆடுவது, ஒருவர் ஆடுவதை மற்றவர் பார்ப்பது, பிறகு உட்கார்ந்து விவாதிப்பது என்று நாட்கள் போயின. ஜெர்மனியில் இருந்து சூசன்னே லிங்க்கே வந்திருந்தார்.

அடுத்த ஆண்டே, 1985-ல், சந்திரலேகா 'அங்கிகா' படைத்தார். பரதம், களரிப்பயட்டு, யோகா மூன்றையும் அருகருகே வைத்து, உடல் எங்கிருந்து சக்தி பெறுகிறது என்று கேட்ட படைப்பு. அதற்குப் பிறகு 'லீலாவதி', 'ஸ்ரீ', 'யந்த்ரா', 'ராகா', 'சரீரா' என்று வரிசையாக வந்தன. 1998-ல் 'ராகா' நியூயார்க்கின் புரூக்ளின் இசைக் கழக அரங்கில் நடந்தது.

இங்கே நூல் எப்படிப் பின்னிக்கொள்கிறது பாருங்கள். டார்ட்டிங்டனில் தஞ்சம் அடைந்த குர்ட் யூஸ், போருக்குப் பின் ஜெர்மனி திரும்பி எஸ்ஸன் நகரின் ஃபோக்வாங் பள்ளியில் மறுபடி கற்பிக்கத் தொடங்கினார். அங்கே அவரிடம் படித்தவர் பினா பவுஷ், 20-ஆம் நூற்றாண்டு நடனத்தின் போக்கையே மாற்றியவர். சூசன்னே லிங்க்கேயும் அதே பள்ளியில் படித்தவர். பினா பவுஷ் தன் குழுவோடு 1979-லும் 1994-லும் இந்தியா வந்தார். சந்திரலேகா 1994-ல் 'யந்த்ரா'வை அவருக்கே காணிக்கையாக்கினார். ஒரு வீடு 1930களில் இரண்டு கலைஞர்களுக்குக் கதவைத் திறந்தது. அறுபது ஆண்டு கழித்து, அவர்களில் ஒருவரின் மாணவியைச் சென்னைக் கலைஞர் ஒருவர் தன் படைப்பால் வணங்கினார்.

இப்போது கணக்கு

அரங்குகள் எப்படிக் கூட்டுச் சேர்கின்றன? ஒரு புது நடனத்துக்கு 10 லட்சம் ரூபாய் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒத்திகைக்கு இடம், நடனக்காரர்களுக்குச் சம்பளம், இசை, ஒளியமைப்பு எல்லாம் சேர்த்து. டிக்கெட் விற்று இந்தப் பணத்தை எடுக்கச் சென்னையில் வாய்ப்பே இல்லை. அதனால் மூன்று நாட்டு அரங்குகள், படைப்பு உருவாகும் முன்பே ஆளுக்குக் கொஞ்சம் முதல் போடுகின்றன. ஒரு அரங்கு பணமாகத் தராமல், ஒரு மாதம் தங்கி ஒத்திகை பார்க்க இடம் தருகிறது. நம் பாடத்தில் பங்குதாரர் ரொக்கத்துக்குப் பதில் கட்டடத்தை முதலாகக் கொண்டுவருவது போல! படைப்பு முடிந்ததும் மூன்று அரங்கிலும் நடக்கிறது. நட்டம் வந்தால் ஒருவர் தலையில் விழாது. இதற்குப் பெயர் கூட்டுத் தயாரிப்பு.

ஐரோப்பாவில் இது நன்றாக வேரூன்றிவிட்டது. 1996-ல் லண்டனின் 'தி பிளேஸ்' அரங்கில் இருந்த ஜான் ஆஷ்ஃபோர்ட் ஏரோவேவ்ஸ் என்ற கூட்டமைப்பைத் தொடங்கினார். பல நாட்டு அரங்குகளின் பிரதிநிதிகள் சேர்ந்து, விண்ணப்பித்த இளம் கலைஞர்களில் ஆண்டுக்கு 20 பேரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். தேர்ந்தெடுத்தவர்களைத் தங்கள் மேடையில் ஆடவும் வைக்கிறார்கள். பெயர் தெரியாத ஒரு இளைஞருக்கு அடுத்த ஊர் அரங்கின் கதவு இப்படித்தான் திறக்கிறது. நடனத்துக்கென்றே இருக்கும் அரங்குகள் சேர்ந்த ஓர் ஐரோப்பிய வலையமைப்பும் உண்டு. கலைஞர்களுக்கு உதவுவதோடு பார்வையாளர்களை வளர்ப்பதும் தன் வேலை என்று அது சொல்கிறது.

நமக்குப் பள்ளியில் சொல்லித் தந்த வேறுபாடு ஒன்று இங்கே உதவும். முதலினச் செலவு, வருவாயினச் செலவு. இயந்திரம் வாங்குவது முதலினச் செலவு, பல ஆண்டு பலன் தரும். டீசல் போடுவது வருவாயினச் செலவு, எரிந்தால் முடிந்தது. ஒரு குழுவுக்கு விமான டிக்கெட் எடுத்து இரண்டு காட்சி நடத்திவிட்டுக் கைகுலுக்கிப் பிரிவது டீசல். ஒரு அரங்கு, விளக்கு போடத் தெரிந்த நாலு பேர், திரும்பத் திரும்ப வரும் பார்வையாளர்கள் ஆகியவை இயந்திரம்.

நமக்கு மிஞ்சியது

இந்தக் கணக்கில் சென்னைக்கு என்ன தேறியது?

முதலில் ஒரு இடம். பெசன்ட் நகர் எலியட்ஸ் கடற்கரையை ஒட்டிய சந்திரலேகாவின் வீடு, 'ஸ்பேசஸ்'. மரங்களுக்கு நடுவே ஒரு சிறிய அரங்கு. அவர் 2006 டிசம்பர் 30 அன்று காலமான பிறகும் நண்பர் சதானந்த் மேனனும் மற்றவர்களும் அங்கே நிகழ்ச்சிகளைத் தொடர்ந்து நடத்தினார்கள். உலக மேடைகளில் பெற்ற பெயர் உள்ளூரில் ஒரு மேடையாக நின்றது.

அடுத்து ஆட்கள். சந்திரலேகா குழுவில் 1991 முதல் பத்தாண்டு ஆடிய பத்மினி செட்டூர், பிறகு 'பேப்பர்டால்', 'புஷ்ட்' போன்ற சொந்தப் படைப்புகளோடு உலகம் சுற்றினார். அவரும் ப்ரீத்தி ஆத்ரேயாவும் வேறு சிலரும் சேர்ந்து சென்னையில் 'பேஸ்மென்ட் 21' என்ற குழுவை அமைத்தார்கள். பிரகிருதி அறக்கட்டளை 2012-ல் இளம் நடன அமைப்பாளர்களுக்கான விருதைத் தொடங்கியது. பெங்களூரின் அட்டக்களரி மையத்தை நிறுவியவர் ஜெயச்சந்திரன் பாலழி. அவர் சென்னையில் பரதமும் லண்டனில் நவீன நடனமும் படித்தவர்.

மிஞ்சாதது என்ன? வீடு என்று நான் சொன்னவை பெரும்பாலும் தனி மனிதர்களின் வீடுகள், அல்லது வெளிநாட்டு அரசுகளின் கலாசார மையங்கள். சென்னையில் சமகால நடனம் பார்க்க வேண்டும் என்றால் பெரும்பாலும் அலியான்ஸ் பிரான்சேஸ், கெதே இன்ஸ்டிடியூட், ஸ்பேசஸ் என்று விரல் விட்டு எண்ணிவிடலாம். பாரிஸிலோ பெர்லினிலோ பட்ஜெட் குறைந்தால் நுங்கம்பாக்கத்தில் விளக்கு மங்கும். அல்மோராவில் நடந்தது அதுதான். வெளியில் இருந்து வந்த முதல் நின்றபோது, உள்ளூரில் தாங்கிப் பிடிக்கக் கை இல்லை.

பார்வையாளர் கதை இன்னும் மோசம். அன்று நிகழ்ச்சி முடியப் பதினைந்து நிமிடம் இருக்கும்போதே நான் எழுந்து வந்துவிட்டேன். நுங்கம்பாக்கத்தில் ரயில் பிடித்து, பார்க்கில் இறங்கி, சாலையைக் கடந்து, சென்ட்ரலில் கும்மிடிப்பூண்டி ரயிலைப் பிடிக்க வேண்டும். அதை விட்டால் அடுத்தது எப்போதோ. கும்மிடிப்பூண்டியில் இறங்கி ஊருக்குப் போக பைக்கோடு யாராவது காத்திருக்க வேண்டும். ஒரு கலைஞர் பெர்லினில் இருந்து சென்னை வர யாரோ டிக்கெட் எடுக்கிறார்கள். சென்னையில் இருந்து எங்கள் ஊர் வரும் ஐம்பது சொச்சம் கிலோமீட்டருக்கு யார் கணக்கிலும் இடம் இல்லை. அந்த நடனத்தின் முடிவு எனக்கு இன்று வரை தெரியாது.

அதனால் என் யோசனை எளியது. இனி இரண்டு நாட்டு அரங்குகள் கூட்டுச் சேர்ந்து பட்ஜெட் போடும்போது மூன்றாவதாக ஒரு உள்ளூர்ப் பங்குதாரரையும் சேர்க்க வேண்டும். ஒரு நகராட்சி மண்டபமோ, அரசுக் கல்லூரியோ, கோயில் திடலோ. பணமாக இல்லாவிட்டாலும் இடமாக, கூட்டமாக அவர்கள் முதல் போடுவார்கள். எங்கள் பக்கத்துக் கிராமங்களுக்குத் திடல் புதிதல்ல. தெருக்கூத்துக் குழுவுக்கு முன்கூட்டியே பேசி முடித்து, ஊர்வரி போட்டு, சாப்பாடு போட்டு நடத்தத் தெரிந்தவர்கள்தான். அதுவும் கூட்டுத் தயாரிப்புதானே!

அன்று இரவு தாமதமாக வந்ததற்கு அத்தையிடம் விளக்கம் சொல்ல வேண்டியிருந்தது. திரௌபதி அம்மன் திருவிழாவில் விடிய விடியக் கூத்துப் பார்க்கிறவர் அவர்.

"என்னடா கதை?" என்றார்.

"கதை எதுவும் இல்ல அத்தை. சும்மா உடம்பு அசையறதுதான்."

"கதை இல்லாம எப்பிடிடா விடியற வரைக்கும் உக்கார்றது?"

"ஒரு மணி நேரம்தான்."

கொஞ்சம் யோசித்தார். "அவ்வளவுதானா? அப்ப இங்க வந்து ஆடச் சொல்லு, பாப்போம்."